குடுவையைத் திறந்ததும் அடித்த பிரிடின் வாடை

புகை உறிஞ்சும் ஹூடுக்குள் வைத்துக் குடுவையின் ரப்பர் மூடியைக் கழற்றியதுமே வாடை வந்துவிட்டது. மீன் கவிச்சியோடு ஏதோ கருகியது சேர்ந்தாற்போன்ற வாடை. பிரிடின் என்ற திரவத்தை ஒரே ஒரு முறை கையாண்டவர்களுக்குக்கூட அது மறக்காது. ஆனால் அந்தக் குடுவையில் நான் பிரிடின் ஊற்றவே இல்லை.

அன்றே நின்று யோசித்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் யாரோ பிரிடின் பாட்டிலைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த வாடையின் பொருள் பிடிபட ஒன்பது நாள் ஆனது. ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது இதே சுசுகி வினையோடு (பல்லேடியத்தை வைத்து இரண்டு வளையங்களை ஒட்டுவது) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்காவது அந்த ஒன்பது நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். எங்கள் குறிப்பேட்டில் தோற்ற வினைகளுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரியில் பாடம் இருப்பதில்லை.

செய்ய வேண்டியிருந்தது இதுதான். ஒரு பென்சீன் வளையம். அதன் ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலம். நேர் எதிர் முனையில் ஒரு பிரிடின் வளையம், அதுவும் பிரிடினின் இரண்டாம் கார்பன் வழியாக ஒட்டியிருக்க வேண்டும். பிரிடின் என்பது பென்சீன் வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்திருப்பது. ஆக நமக்கு வேண்டியது 4-(பிரிடின்-2-இல்)பென்சோயிக் அமிலம். அதன் அமில முனையில் விதவிதமான அமீன்களைக் கோத்து ஒரு சிறு தொகுப்பு தயாரித்தால், எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் உயிரியல் ஆய்வகம் அவற்றை ஒரு நொதியின் மேல் சோதித்துப் பார்க்கும். நொதியை நிறுத்துகிற மூலக்கூறு ஏதாவது கிடைத்தால் அதுதான் ஆரம்பப் புள்ளி.

இந்த இரட்டை வளையத் துண்டு மருந்து உலகத்துக்குப் புதிதல்ல. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் அட்டசனவிர் என்ற மருந்தின் உடலில் இதே பிரிடின்–பென்சீன் ஜோடி இருக்கிறது. 2003ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. இந்தியாவிலும் முதல்வரிசை மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கு ரிட்டோனவிர் என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். நொதியின் பள்ளத்துக்குள் தட்டையான வளையங்கள் நன்றாகப் பொருந்தும். அங்கே இருக்கிற பினைல்அலனின், டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் வளையங்களோடு ஒட்டி உட்காரும். நைட்ரஜன் இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் ஒரு கை கிடைக்கும். மருந்துப் பட்டியலில் எதை எடுத்தாலும் பென்சீன் போன்ற இந்தத் தட்டை வளையம் (அரோமேட்டிக் வளையம்) கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான். அப்புறம் இன்னொரு காரணமும் உண்டு: வளையங்களை ஒட்டுவதற்கு நம்மிடம் நல்ல வினைகள் இருக்கின்றன. செய்ய முடிவதைத்தான் அதிகம் செய்கிறோம்.

முன்பு அப்படி இல்லை. 1901ல் உல்மன் இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டத் தாமிரத் தூளோடு 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருந்தது. அந்தச் சூட்டில் பாதி மூலக்கூறுகள் தாங்காது. 1979ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசுகியும் நோரியோ மியாவ்ராவும் பல்லேடியத்தை வைத்து, போரான் ஏந்திய கார்பனையும் ஹேலஜன் ஏந்திய கார்பனையும் மென்மையான சூட்டில் ஒட்டிக் காட்டினார்கள். ஹெக், நெகிஷி ஆகியோரோடு சுசுகிக்கு 2010ல் நோபல் பரிசு வந்தது. இன்றைக்கு மருந்து ஆய்வகங்களில் ஒரு நாளாவது சுசுகி வினை வைக்காமல் வாரம் ஓடாது.

வினை நடக்கிற விதம் எனக்கு எப்போதுமே அழகாகத் தோன்றும். பல்லேடியம் முதலில் கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் நுழைந்துகொள்கிறது. அப்புறம் போரான் தன் தோளில் இருக்கும் வளையத்தைப் பல்லேடியத்திடம் ஒப்படைக்கிறது. இப்போது பல்லேடியத்தின் இரண்டு கையிலும் இரண்டு வளையங்கள். அவை ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, பல்லேடியம் கழன்று அடுத்த ஜோடியைத் தேடிப் போகிறது. ஒரு துளி பல்லேடியம் திரும்பத் திரும்ப உழைக்கும்.

சரி, முதல் நாளுக்கு வருகிறேன். மெத்தில் 4-புரோமோபென்சோயேட் (புரோமின் ஏந்திய பென்சீன் வளையம்; அமில முனை மெத்தில் எஸ்டராக மூடியிருக்கும்) 1 கிராம், அதற்கு 1.2 மடங்கு மோல் 2-பிரிடில் போரானிக் அமிலம் (போரான் ஏந்திய பிரிடின் வளையம்), வினையூக்கியாக டெட்ராகிஸ்(டிரைபினைல்பாஸ்பீன்) பல்லேடியம் 5 மோல் சதவீதம், காரமாகப் பொட்டாசியம் கார்பனேட், கரைப்பானாக டையாக்சேன் 20 மி.லி., தண்ணீர் 5 மி.லி. ஆர்கானை நீள ஊசி வழியாகத் திரவத்தின் அடிவரை விட்டு 15 நிமிடம் குமிழ வைத்தேன். 90 டிகிரி, இரவு முழுக்க. காலையில் டிஎல்சி தட்டை (கலவையில் உள்ள சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுவது) புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், புரோமோ சேர்மம் வைத்த இடத்தில் வைத்தபடி அப்படியே நிற்கிறது. வேறு புள்ளியே இல்லை. குடுவையைத் திறந்தபோது வந்தது அந்த வாடை.

ஒரு சுசுகி வினை நடக்கவில்லை என்றால் யாரும் முதலில் சந்தேகப்படுவது வினையூக்கியைத்தான். நானும் அப்படித்தான். டெட்ராகிஸ் பல்லேடியம் நல்ல நிலையில் இருந்தால் எலுமிச்சை மஞ்சளாக, பொலபொலவென்ற படிகமாக இருக்கும். காற்றுப் பட்டால் பச்சை கலந்து, பிறகு பழுப்பேறும். எங்கள் பாட்டிலில் மேல் அடுக்கு லேசாக ஆரஞ்சு தட்டியிருந்தது. புதுப் பாட்டில் வரவழைக்க நான்கு நாள். வந்ததும் வைத்தேன். அதே கதை.

அடுத்த சந்தேகம் ஆக்சிஜன். இந்த முறை டையாக்சேனையும் தண்ணீரையும் தனித்தனியாக 30 நிமிடம் ஆர்கானில் குமிழ வைத்து, ஊசி வழியாகவே குடுவைக்கு மாற்றினேன். பலரும் கரைப்பானில் மட்டும் ஆர்கான் விட்டுவிட்டுத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்துதான் இருக்கும். இது நல்ல பழக்கம்தான், விடவே கூடாது. ஆனால் இந்த வினையை அது காப்பாற்றவில்லை.

சீசியம் கார்பனேட், பொட்டாசியம் பாஸ்பேட், டிஎம்எஃப் கரைப்பான் என்று மாற்றி மாற்றி வைத்ததை விரிவாகச் சொல்லி நேரத்தை எடுக்க வேண்டாம். போரானிக் அமிலத்தை மூன்று மடங்கு போட்டபோது மட்டும் டிஎல்சியில் மெல்லிய புதுப் புள்ளி தெரிந்தது. பிரித்தெடுத்ததில் 11 சதவீதம். விலை உயர்ந்த பாட்டிலில் பாதி அதிலேயே காலி. 11 சதவீதத்தை வைத்துக்கொண்டு பத்து அமைடு (அமில முனையில் அமீன் கோத்த மூலக்கூறு) செய்ய முடியாது.

எட்டாம் நாள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் ஆய்வகத்தில் இருக்கிற தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, இந்த வினையூக்கி வேற எதுலயாவது வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. ஒப்பீட்டு வினை வைக்க வேண்டும் என்பது பாலபாடம். பதற்றத்தில் அதைத்தான் முதலில் மறக்கிறோம். அன்று மதியமே அதே பல்லேடியம், அதே கார்பனேட், அதே டையாக்சேன், அதே புரோமோ சேர்மம், ஆனால் சாதாரண பினைல் போரானிக் அமிலம் போட்டு வைத்தோம். ஒரு மணி நேரத்தில் புரோமோ சேர்மம் காணாமல் போய்விட்டது. புது புள்ளி பளிச்சென்று நீலமாக மின்னியது. குற்றவாளி பல்லேடியம் இல்லை, காற்று இல்லை, காரமும் இல்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான்.

மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் எல்சிஎம்எஸ் கருவி ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருந்தது. எங்கள் கருவியில் நிறையை 100லிருந்து மேலேதான் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பிரிடின் புரோட்டான் ஏறி வந்தால் 80. கருவி பார்க்கிற ஜன்னலுக்குக் கீழேயே போய்விடும். போதாததற்கு, வேலையை முடித்துச் சுழல் ஆவியாக்கியில் கரைப்பானை இழுக்கும்போது பிரிடினும் அதோடு போய்விடும். ஆக என் வினையின் உண்மையான விளைபொருள் டிஎல்சியிலும் நிற்கவில்லை, எல்சிஎம்எஸ்ஸிலும் விழவில்லை, குடுவையிலும் தங்கவில்லை. அது விட்டுச் சென்ற ஒரே தடயம் வாடை.

உறுதி செய்ய ஒரு சோதனை வைத்தேன். இதுதான் இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த சோதனை. பல்லேடியம் கிடையாது, புரோமோ சேர்மம் கிடையாது. 2-பிரிடில் போரானிக் அமிலம் 50 மி.கி., கார்பனேட், தண்ணீர், டையாக்சேன். 90 டிகிரியில் அரை மணி நேரம். ஆறவைத்து, டியூட்டிரோகுளோரோஃபார்மில் பிரித்தெடுத்து நேராக என்எம்ஆர் (மூலக்கூறின் ஹைட்ரஜன்களைக் கோடுகளாகக் காட்டும் கருவி) குழாய்க்குள் ஊற்றினேன். 8.6, 7.7, 7.3 என்று மூன்று குழுக் கோடுகள். சுத்தமான பிரிடின். போரானிக் அமிலத்தின் சுவடே இல்லை. பாட்டிலிலிருந்து புதிதாக எடுத்த அமிலத்துக்கும் ஒரு என்எம்ஆர் எடுத்தேன். அதிலேயே பிரிடின் கோடுகள் கொஞ்சம் தலைகாட்டின. மூடியிருந்த பாட்டிலுக்குள்ளேயே உடையத் தொடங்கியிருந்தது.

இதற்குப் பெயர் புரோட்டோடிபோரோனேஷன். போரான் கழன்று விழ, அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாப் போரானிக் அமிலங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, ஆனால் 2-பிரிடில் மிகவும் மோசம். போரான் உட்கார்ந்திருக்கும் கார்பனுக்குப் பக்கத்திலேயே நைட்ரஜன். தண்ணீரில் நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது, போரான் ஒரு ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொள்கிறது; ஒரே மூலக்கூறில் இந்தப் பக்கம் நேர்மின், அந்தப் பக்கம் எதிர்மின். அந்த நிலையில் கார்பன்–போரான் பிணைப்பு தாங்காது. எடின்பரோவில் லாயிட்-ஜோன்ஸ் குழுவினர் 2016ல் இதை அளந்து வெளியிட்டார்கள். 70 டிகிரியில், நடுநிலை நீரில், பாதி அமிலம் உடைய ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே பிரிடினின் மூன்றாம், நான்காம் இடத்தில் போரான் இருந்தால் இவ்வளவு வம்பு இல்லை. ஒரே ஒரு கார்பன் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

என் வினை இரவு முழுக்க நடந்தது. பல்லேடியம் புரோமோ சேர்மத்தோடு தயாராகக் காத்திருந்தது. அது வளையத்தைக் கைநீட்டி வாங்குவதற்குள் கொடுக்க வேண்டிய கை வெறுங்கையாகிவிட்டது.

என்ன செய்யலாம் என்று சாரிடம் போனேன். இதற்கென்றே வழிகள் உண்டு. இல்லினாயில் மார்ட்டின் பர்க் குழு உருவாக்கிய மிடா போரோனேட் என்ற வடிவத்தில் போரானை மூடி வைத்து, வினையின்போது மெதுவாக அவிழ்த்துவிடலாம். தாமிர உப்பு சேர்த்து ஓட்டுகிற முறையும் இருக்கிறது. சார் என் குறிப்பேட்டை வாங்கி, நான் வரைந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலால் இரண்டு எழுத்துகளை அடித்து இடம் மாற்றினார். போரான் இருந்த இடத்தில் புரோமின். புரோமின் இருந்த இடத்தில் போரான். "எந்த வளையம் போரானைத் தூக்கணும், எது புரோமினைத் தூக்கணும்னு முதல்லயே கேட்டுக்கணும்மா. கடைசியில மூலக்கூறு ஒண்ணுதான்."

காகிதத்தில் அது ஒன்றுதான். நடுவில் வருகிற பிணைப்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தது என்ற ஞாபகம் இருக்காது. ஆனால் குடுவைக்குள் இரண்டும் வேறு உலகம். பிரிடினின் நைட்ரஜன் பக்கத்துக் கார்பனிலிருந்து எலக்ட்ரானை இழுத்து வைத்திருக்கிறது. போரானைத் தாங்கும்போது அந்த நைட்ரஜனே எமன். அதே கார்பனில் புரோமின் இருந்தால், எலக்ட்ரான் குறைந்த அந்த இடத்தில் பல்லேடியம் இன்னும் சுலபமாக நுழையும். எதிரியாக இருந்த நைட்ரஜன் நமக்காக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பென்சீன் பக்கமோ, எஸ்டர் ஏந்திய பினைல் போரானிக் அமிலம் பொறுமைசாலி. 2-புரோமோபிரிடினும் விலை மலிவு.

பத்தாம் நாள். 2-புரோமோபிரிடின் 735 மி.கி. (அது திரவம், சிரிஞ்சில் எடுத்து எடை போட்டேன்). 4-மெத்தாக்சிகார்பனைல்பினைல் போரானிக் அமிலம் 1 கிராம். பல்லேடியம் இந்த முறை 3 மோல் சதவீதம், 161 மி.கி. பொட்டாசியம் கார்பனேட் 1.6 கிராம். டையாக்சேன், தண்ணீர் பழைய அளவே. முக்கால் மணி நேரத்தில் கலவை மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறியது. மூன்று மணி நேரத்தில் புரோமோபிரிடின் முழுக்கத் தீர்ந்தது. டிஎல்சியில் தொடக்கப் புள்ளி போய், 8:2 ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட்டில் கனமான ஒரே புள்ளி. தட்டின் அடியில் நிழல் மாதிரி ஒன்று; எஸ்டர் கொஞ்சம் நீராற்பகுத்து அமிலமாகியிருக்க வேண்டும், எப்படியும் அடுத்த படி அதுதானே. பிரிப்புக் குழாயில் (column) ஓட்டி எடுத்ததில் வெள்ளைத் திடப்பொருள் 813 மி.கி., 82 சதவீதம். என்எம்ஆரில் 8.7ல் பிரிடினின் ஒற்றை ஹைட்ரஜன், 3.95ல் மெத்தில் எஸ்டரின் கூர்மையான கோடு. அந்தக் கோட்டைத் திரையில் பார்த்தபோது தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கேட்ட கேள்வியில்தானே முடிச்சு அவிழ்ந்தது.

எஸ்டரை அமிலமாக்குவது லித்தியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு வேலை. அதில் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அமிலத்தை வெளியே எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கம்போல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 1க்குக் கொண்டுபோனேன். பென்சோயிக் அமிலங்கள் இந்த இடத்தில் பொங்கி வெள்ளையாக விழும். இங்கே ஒன்றும் விழவில்லை. கண்ணாடி மாதிரி தெளிந்த நீர். 800 மி.கி. எங்கேயோ கரைந்துபோய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. காரணம் மறுபடியும் அதே நைட்ரஜன். அதிக அமிலத்தில் அது புரோட்டான் ஏற்று உப்பாகி நீரில் கரைந்துவிடுகிறது. காரத்தில் கார்பாக்சிலேட் கரைந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் பிஎச் 4 அளவில்தான் மூலக்கூறு நீரை விட்டு வெளியே வர ஒத்துக்கொள்ளும். சோடியம் பைகார்பனேட் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். பிஎச் தாள் 3.5ஐக் காட்டியபோது நீர் லேசாகப் பால் கோத்தது. 4ல் தயிர் உறைவதுபோலக் கெட்டியாக விழுந்தது. வடிகட்டி உலர்த்தியதில் 640 மி.கி. பிரிடின் ஏந்திய அமிலம் எதையாவது செய்கிறீர்கள் என்றால், கழிவு நீரை ஊற்றுவதற்கு முன் பிஎச்சை ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

அமைடுகள் எட்டு செய்தோம். அமிலத்தையும் அமீனையும் கோக்க உதவும் இடிசி, எச்ஓபிடி, அறை வெப்பநிலை. இதில் தம்பிக்கே கை தேறிவிட்டது. அவற்றில் 3-ஃப்ளூரோஅனிலின் கோத்தது ஒன்று. மூன்று அரோமேட்டிக் வளையங்கள் வரிசையாக நிற்கிற, தட்டையான மூலக்கூறு. அதுதான் மீதிக் கதையின் நாயகன்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. எங்கள் பொருள்கள் எல்லாம் மெல்லிய சாம்பல் நிறம் காட்டின. வெள்ளையாக இருக்க வேண்டிய திடப்பொருள் சாம்பலாக இருந்தால் அது பல்லேடியம். பிரிடின் நைட்ரஜன் பல்லேடியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியாக வடித்தால் மட்டும் போகாது. இது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. உலோக எச்சம் நொதியைத் தானே முடக்கி, நம் மூலக்கூறு ஜெயித்ததுபோல் காட்டிவிடும். மருந்தாகும் கட்டத்தில் விதி இன்னும் கறார்: வாய்வழி மருந்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு. தயோல் ஒட்டிய சிலிக்காவோடு ஓரிரவு கலக்கி வடித்தோம். கந்தகம் பல்லேடியத்தை இழுத்துக்கொண்டது. சிலிக்கா பழுப்பாகி, எங்கள் கரைசல் நிறமற்று வந்தது. மத்தியக் கருவிக்கூடத்தில் அளந்தபோது 640 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 640 பங்கு) 9க்கு இறங்கியிருந்தது.

மூன்று வாரம் கழித்து உயிரியல் ஆய்வகத்து மேடத்திடமிருந்து முடிவு வந்தது. ஃப்ளூரோஅனிலைடு 100 மைக்ரோமோலார் செறிவில் நொதியை 90 சதவீதம் நிறுத்துகிறது. மற்ற ஏழும் சும்மா. எங்களுக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் மேடம் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: சோதனைக் குழித்தட்டில் கரைசல் லேசாகக் கலங்கலாகத் தெரிகிறது, டிரைட்டான் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுகிறேன்.

டிரைட்டான் எக்ஸ்-100 ஒரு சோப்பு மாதிரி. 0.01 சதவீதம் போதும். கலிஃபோர்னியாவில் ஷோய்கெட் குழுவினர் இதை வழக்கமாக்கிவைத்தார்கள். சரியாகக் கரையாத மூலக்கூறுகள் நீரில் உருண்டைகளாகத் திரண்டு நிற்கும்; அந்த உருண்டைகளின் மேல் நொதி ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். நம் மூலக்கூறு நொதியின் பள்ளத்துக்குள் போகவே போகாது, ஆனாலும் நொதி நின்றுவிட்டதாக எண் காட்டும். சோப்பு அந்த உருண்டைகளைக் கலைத்துவிடும். மறுநாள் வந்த எண்: 12 சதவீதம்.

அன்று மாலை நாங்கள் யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் மேடம் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த ஆறு மாதம் அந்த உருண்டைகளை மேம்படுத்திக்கொண்டிருந்திருப்போம். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஏன் கரையவில்லை? மூலக்கூறு மிகவும் தட்டை. வெற்றிலைக் கவுளியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நீரைத் தெளித்து வைத்த வெற்றிலைகளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும், தட்டையான பரப்புகள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று. படிகத்துக்குள் இந்த மூலக்கூறுகளும் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. உருகுநிலை 190க்கு மேல் இருந்ததே எச்சரிக்கை. கிளாக்ஸோஸ்மித்க்ளைனில் ரிச்சி, மெக்டொனால்டு இருவரும் 2009ல் தங்கள் நிறுவன மூலக்கூறுகளைப் புரட்டிப் பார்த்து, அரோமேட்டிக் வளையங்கள் மூன்றைத் தாண்டினால் மருந்தாகும் வாய்ப்பு குறைகிறது என்று எழுதினார்கள். நாங்கள் சரியாக அந்த விளிம்பில் நின்றோம்.

வளையத்தைக் குறைக்க மனம் இல்லை. தட்டையைக் கெடுக்கலாம் என்று முடிவு செய்தோம். பிரிடினின் மூன்றாம் இடத்தில், அதாவது பிணைப்புக்கு அடுத்த கார்பனில், ஒரு மெத்தில் வைத்தால் அது எதிர் வளையத்தின் ஹைட்ரஜனோடு முட்டும். முட்டினால் இரண்டு வளையங்களும் ஒரே தளத்தில் படுக்க முடியாமல் ஒன்று திரும்பிக்கொள்ளும். அடுக்கு கலையும். கூடுவது ஒரு கார்பன்தான்.

ஒரே ஒரு மெத்தில் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இமாடினிப்பின் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு 2001ல் வந்த மருந்து. சுவிட்சர்லாந்தின் பாசலில் சீபா-கைகி நிறுவனத்தில் அதை உருவாக்கியபோது, அமீனுக்குப் பக்கத்தில் பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் வைத்தார்கள். அது மூலக்கூறை ஒரு வடிவத்தில் முறுக்கி நிறுத்தியது. வேண்டாத நொதியான புரோட்டீன் கைனேஸ் சி மேல் இருந்த பிடி போய்விட்டது, வேண்டிய ஏபிஎல் நொதியின் மேல் பிடி நின்றது. கரைதிறனுக்காகப் பைப்பரசீன் வால் ஒன்றையும் சேர்த்தார்கள். அதே இமாடினிப் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998ல் நம் சென்னை அலுவலகத்தில்தான் பதிவானது. 2006ல் நிராகரித்தார்கள், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. படிகம் மாறியதால் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஒரு மூலக்கூறு நீரில் எப்படிக் கரைகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

2-புரோமோ-3-மெத்தில்பிரிடின் வாங்கினோம். பழைய டெட்ராகிஸ் முறையில் ஓரிரவு ஓட்டியும் பாதி அப்படியே கிடந்தது. மெத்தில் வழியை மறிக்கிறது. வேதியியலாளர் பக்வால்டின் எஸ்பாஸ் லிகண்டு (பல்லேடியத்தோடு ஒட்டி அதற்கு உதவும் மூலக்கூறு), பல்லேடியம் அசிட்டேட், பொட்டாசியம் பாஸ்பேட், டொலுவீனில் கொஞ்சம் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் முடிந்தது, 61 சதவீதம். எஸ்டர், அமிலம் (பிஎச் 4ஐ இந்த முறை மறக்கவில்லை), ஃப்ளூரோஅனிலைடு.

பழையதும் புதியதும் ஒரே எடை எடுத்து, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து, இரண்டு சிறு குப்பிகளில் தாங்கல் கரைசலோடு 100 மைக்ரோமோலாருக்குக் கலக்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய குப்பியில் புகைபோல வெண்மை. புதிய குப்பியின் பின்னால் வைத்த குறிப்பேட்டின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. உருகுநிலை 140களுக்கு இறங்கியிருந்தது. வளையம் ஒன்றுகூடக் குறையவில்லை.

மேடம் இந்த முறை முதலிலேயே டிரைட்டான் சேர்த்துத்தான் ஓட்டினார். 100 மைக்ரோமோலாரில் 58 சதவீதம். சோப்பு போட்டும் நின்ற எண். அளவைக் குறைத்துக்கொண்டே போனால் எண்ணும் ஒழுங்காக இறங்குகிறது, சட்டென்று விழவில்லை. மருந்து என்று சொல்ல இது எங்கேயும் பக்கத்தில் இல்லை; ஆயிரம் மடங்கு வலுவாக வேண்டும். ஆனால் இது நொதியோடு உண்மையாகப் பேசுகிற மூலக்கூறு.

இப்போது சாரும் மேடமும் சேர்ந்து அடுத்த பன்னிரண்டு மூலக்கூறுகளைப் பலகையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான்கில் மெத்திலுக்குப் பதில் குளோரின், மூன்றில் அனிலின் பக்கம் ஒரு பைப்பரசீன், மீதியில் பிரிடினுக்குப் பதில் பிரிமிடின். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தம்பி சிவப்பு மையில் ஒரு கட்டம் போட்டு, எந்த வளையம் போரான், எந்த வளையம் புரோமின் என்று எழுதிவைத்திருக்கிறான். பழைய 2-பிரிடில் போரானிக் அமிலப் பாட்டில் குளிர்பெட்டியின் பின்வரிசையில் இருக்கிறது. அதன்மேல் என்எம்ஆர் எடுத்த தேதியையும், தண்ணீர் காட்டக் கூடாது என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளை காலை குளோரோ சேர்மத்தில் முதல் வினை. ஆர்கான் சிலிண்டர் மாற்ற வேண்டும்.